வெட்டுக்காதியின் பல்லில் என் அம்மா

எங்கள் ஊரில் யார் சிரித்தாலும் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள். கல்யாண மேடையில் மாப்பிள்ளை சிரித்தாலும் அப்படித்தான், தலைவர் கோவிந்தராசு ஓட்டுக் கேட்டு வரும்போதுகூட ஒரு கையால் கும்பிட்டு இன்னொரு கையால் வாயை மூடிக்கொள்வார், ஏனென்றால் எண்ணூறு அடி ஆழத்திலிருந்து எங்கள் போர்வெல் இறைத்துத் தரும் தண்ணீர் பிறந்த நாள் முதலே எங்கள் பற்களைக் கருப்பட்டி நிறத்துக்கு ஊறவைத்துவிடுகிறது, அந்தக் கறைக்கு நடுவே நகத்தால் கீறினதுபோல் குறுக்குப் பள்ளக் கோடுகள் வேறு ஒன்றோ இரண்டோ ஓடுகின்றன. அதனால் ஆடி எட்டாம் தேதி மத்தியானம் ஊர் ஓரத்துக் கொப்பரைப்பாறையின் குரங்குகள் காற்றுக்கு எதிராக வாயைத் திறந்து எங்கள் ஊர்க் குரல்களில் பேசத் தொடங்கியபோது, குரங்கு எப்படிப் பேசும் என்று யாரும் கேட்கவில்லை, "பாரேன், அதுங்களுக்கும் நம்ம பல்லுதான்" என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள்.

முதலில் பேசியது தபால்கார நஞ்சப்பன். அவர் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் பெண்டாட்டி துளசியம்மா வாசலில் சோளத்தை உதிர்த்துக்கொண்டிருந்தபோது பாறைமேல் இருந்து அவர் குரல் வந்தது, "அடியே துளசி, கூரைமேல குரங்குடி, கல்லை எடு கல்லை!" என்று, தொண்டையில் வெற்றிலைச் சாறு நிற்கிற அதே கரகரப்போடு. துளசியம்மா தலையைத் தூக்காமலேயே "நீதான் எடேன், எனக்குக் கை ரெண்டுதான்" என்று பதில் சொல்லி, அடுத்த கதிரை எடுத்து, அதில் பாதி உதிர்த்த பிறகுதான் அப்படியே சோளத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பல் முகாம் போட்டிருந்த டாக்டரம்மா ஷாகிராவிடம் போய்க் கேட்டோம். அவர் பெரிய கேமராவில் குரங்குகளின் வாயைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். "பல்லு வெளிய வர்றதுக்கு முன்னாடி ஈறுக்குள்ள எனாமல் நாளுக்கு நாள் பூசிக்கிட்டே வரும். பெரிய காய்ச்சல், பட்டினி, தாயைப் பிரியறதுன்னு ஏதாச்சும் வந்தா உடம்பு அந்தப் பூச்சு வேலையை நிறுத்திடும். மறுபடி ஆரம்பிக்கறப்ப நடுவுல ஒரு பள்ளம் நின்னுடும். எலும்பு ஒடைஞ்சா சேரும், தோல் கிழிஞ்சா மூடும், இது மட்டும் மூடாது. மனுசனுக்கும் குரங்குக்கும் இதுல வித்தியாசமே கிடையாது. உங்க கறை தண்ணியால வந்தது. கோடு வேற, அது கஷ்டத்தால வந்தது."

"அப்ப பேசறது?" என்றார் தலைவர்.

"அது எங்க பாடத்துல இல்லீங்க" என்றார் டாக்டரம்மா.

கணக்குப் போட்டால் எல்லாம் சரியாகத்தான் வந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் மழை இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் பொய்த்து, பாறைச் சுனை வற்றி, குரங்குகள் குடத்துத் தண்ணீருக்கும் கூரை முருங்கைக்கும் ஊருக்குள் இறங்கின. ஊரே கவணும் கல்லும் தகர டப்பாவுமாக அவற்றைத் துரத்தியது. அந்த வருஷத்துக் குட்டிகள்தான் இப்போது பாறைமேல் நரைத்த தாடியோடு உட்கார்ந்திருக்கும் கிழங்கள். பட்டினியில் பூச்சு நின்ற நாட்களில் அவை என்ன கேட்டனவோ அது அந்தப் பள்ளத்தில் விழுந்து கிடந்து, ஆடிக் காற்று மேற்கே இருந்து சரியான கோணத்தில் அடிக்கும்போது வெளியே வந்தது. வந்ததெல்லாம் எங்கள் அதட்டல்தான். "அடிங்கடா!" "வாலைப் புடி!" "நாயை அவுத்து வுடு!" ஒரு தாட்டியான ஆண்குரங்கின் கடைவாயிலிருந்து, "மரத்துல கட்டி வெச்சு அடிங்கடா, மத்ததுங்க பார்த்துக் கத்துக்கட்டும்" என்று தலைவர் கோவிந்தராசுவே பேசினார், இளமையாக, கணீரென்று. தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு, "அது நானில்ல, எங்க சித்தப்பன் பையன்" என்றார்.

எனக்கு அந்த இருபத்துநாலு நாட்கள் தீபாவளிதான். ஊரில் எனக்கு வராத குரல் கிடையாது. தலைமையாசிரியர் மூக்கால் பேசுவது, பஸ் கண்டக்டர் "உள்ள போ உள்ள போ" என்று உறுமுவது, என்னை வளர்த்த அத்தை போனில் "அலோ அலோ யாரு?" என்று ஊருக்கே கேட்கக் கத்துவது, எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன்; தலைவர் குரலில் கூப்பிட்டுத் தண்ணீர் திறக்கிற ஆளை மூன்று முறை மேல்நிலைத் தொட்டிவரை ஓடவைத்திருக்கிறேன். இப்போது செத்தவர்களின் குரலும் தினம் இரண்டு மூன்று என்று கிடைக்க, பாறையடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொண்டையில் ஏற்றிக்கொண்டேன்.

ஒரே ஒரு குரல்தான் என்னிடம் இல்லை. நான் ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போது, அதே பஞ்ச வருஷத்தில், மஞ்சள் காமாலையில் போய்விட்ட என் அம்மா காவேரியின் குரல். கல்யாணப் போட்டோ ஒன்று இருக்கிறது, அதில் வாயை இறுக்கி மூடியிருக்கிறாள். அப்பாவிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், கல்குவாரியிலிருந்து தூசியும் மண்ணுமாக வந்து உட்காருகிற அப்பா மாதையன் பாதிச் சோற்றில் கையை நிறுத்தி, "குரல்தான். எல்லாருக்கும் இருக்கற மாதிரி" என்பார். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று கேட்டால் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

என் முன்பல்லிலும் ஒரு கோடு உண்டு. ஒரு வயசுக்குள் விழுந்தது என்று டாக்டரம்மா சொன்னதும், ஓடிப்போய்ப் பாறைமேல் காற்றுக்கு நேராக வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், அத்தையைப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். என் பல்லிலிருந்து வந்தது அத்தையின் குரல்தான், பால் புகட்டுகிற பாலாடை ஈறில் இடிக்கிற சத்தமும் அதுவும், "ஒரு வாய் குடிடி, ஒரே வாய் குடிடி, நான் எங்கடி போவன் உங்கம்மாவுக்கு" என்று. அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். என் கோடு அம்மா போன பிறகு விழுந்த கோடு. அதில் அவள் எப்படி இருப்பாள்?

ஆனால் ஆடி பதினாறு அன்று, காது நுனி வெட்டுப்பட்டதால் நாங்கள் வெட்டுக்காதி என்று கூப்பிடும் கிழட்டுப் பெண்குரங்கு, மூன்று மாதக் குட்டி ஒன்றை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு பெரிதாகக் கொட்டாவி விட்டது, அதன் கோரைப்பல்லிலிருந்து ஒரு பெண்குரல், "ஏய்!" என்றது. அவ்வளவுதான். அதற்குள் வாயை மூடிக்கொண்டது. எனக்குப் பின்னால் நின்ற அப்பாவின் கையிலிருந்த தூக்குச்சட்டி கீழே விழுந்து, களியும் குழம்பும் பாறையில் வழிந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"அப்பா, அதுவா?"

அவர் முகத்தைப் பார்த்தேன், எனக்கு அதற்குமேல் கேட்கத் தேவைப்படவில்லை.

டாக்டரம்மா கேமராவில் பார்த்துவிட்டு, அந்தப் பல் வேரோடு ஆடுகிறது, கோடு ஓடுகிற இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் உடைந்து விழும் என்றார். ஆடி முடிந்தால் காற்றும் நின்றுவிடும். எனக்கு மிச்சமிருந்தது அதிகம் போனால் பதினைந்து நாள், அந்தப் பல்லும் அந்தக் காற்றும்.

இதற்குள் ஊர் அதற்கொரு முறை வகுத்துவிட்டிருந்தது. காலையில் கீழ்த்தெரு, மத்தியானம் மேல்தெரு, செவ்வாய் வெள்ளி காலனி. யார் வீட்டுச் செத்தவர் எந்தக் குரங்கில் வருகிறார் என்று பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தார்கள். போனில் பதிவு செய்தால் வெறும் காற்றுதான் பதிவாகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் பாயும் தண்ணீர் பாட்டிலுமாகப் பாறைக்கே குடிவந்துவிட்டார்கள். துளசியம்மா தினமும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து, "கல்லை எடு கல்லை" என்று புருஷன் அதட்டுவதைக் கேட்டுவிட்டுப் போவார். நம் பெரியவர்களை வாயில் வைத்துக்கொண்டிருக்கிற ஜீவன்களுக்கு மரியாதை செய்யவேண்டாமா என்று யாரோ ஆரம்பித்து வைக்க, வேர்க்கடலை, வாழைப்பழம், பொரி, வடை என்று கூடை கூடையாகப் பாறைக்கு ஏறியது. அங்கேதான் எங்கள் ஊர் தப்புப் பண்ணியது. குரங்குக்குக் கன்னத்துக்குள் பை இருக்கிறது என்பதை மறந்துவிட்டோம். இரண்டு கன்னமும் பந்து மாதிரி உப்பி, வாயை இறுக மூடிக்கொண்டு, நாள் முழுக்க மென்றுகொண்டே உட்கார்ந்திருந்தன. செத்தவர்கள் எல்லோரும் கடலைக்கு அடியில் மாட்டிக்கொண்டார்கள். ஐந்து நாட்கள் ஒரு சொல் வரவில்லை.

ஆறாம் நாள் நான் ஒரு வேலை செய்தேன். சிறுத்தையைக் கண்டால் குரங்குகள் போடுகிற அபாயச் சத்தம் ஒன்று உண்டு, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிற கெக்-கெக்-கெர்ர். சும்மா ஒரு விளையாட்டுக்கு, வடை வைக்கக் குனிந்துகொண்டிருந்த தலைவரைப் பயமுறுத்தலாம் என்று, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அதைப் போட்டேன். தலைவர் வடைமேலேயே விழுந்தார். குரங்குகள் அத்தனையும் கடலையைத் துப்பிவிட்டு, பயத்தில் வாயை அகலப் பிளந்தன. அடித்த காற்றில் பதினேழு செத்தவர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். கூட்டம் அழுதது, சிரித்தது, என்னைத் தூக்கிச் சுற்றியது.

"இன்னொரு தடவைடி கண்ணு!"

போட்டேன். இரண்டாம் தடவையும் திறந்தன. மூன்றாம் தடவை சிறுத்தை இல்லை என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது, என்னைச் சட்டைகூடச் செய்யவில்லை.

ஆனால் பயந்தால் வாய் திறக்கும் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டதே. மறுநாள் முதல் கல்லை எடுத்தது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கையைக் காட்டுகிறார்கள். முதலில் பக்கத்தில் விழுகிற மாதிரி எறிந்தார்கள், அப்புறம் மேலே படுகிற மாதிரி. "அடிங்கடா" என்று பாறைமேல் செத்தவர் சொல்வதும் பாறையடியில் உயிரோடு இருப்பவர் சொல்வதும் ஒன்றோடொன்று கலந்து, எது எந்த வருஷத்துக் குரல் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. துளசியம்மா மடியில் கூழாங்கல் கட்டிக்கொண்டு வந்தார். அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். வெட்டுக்காதி கூட்டத்தைக் கண்டாலே பின்பாறைக்குப் போய்விடும். தாய்களுக்குப் பால் வற்றி, குட்டிகள் கத்தத் தொடங்கின. "இதுங்க ஈறுக்குள்ள இப்ப என்ன பூசிட்டிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று டாக்டரம்மா ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கேட்டார். "எங்க மாமனாரு பேசறாரும்மா, சும்மா இரும்மா" என்று கையை உதறினார்கள்.

ஆடிக் கடைசி நாள் வந்துவிட்டது. மற்றவர்கள் சாப்பிட்டு எழுவதற்குள் நான் பின்வழியாகப் பாறை ஏறினேன். கையில் கல் இல்லை. கல் இல்லாததால் நான் வேறு, அவர்கள் வேறு என்று ஏறும்போதெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வெட்டுக்காதி விளிம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது, குட்டி வயிற்றில். சிறுத்தைச் சத்தம் பலிக்காது என்று தெரியும். அதனால் காலையெல்லாம் பயிற்சி செய்து வைத்திருந்த வேறொன்றைப் போட்டேன், சிறுத்தை வாயில் மாட்டிக்கொண்ட குட்டியின் கத்தல். அது என்னிடமிருந்து எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வெட்டுக்காதி துள்ளித் திரும்பி, என்னை நேருக்கு நேர் பார்த்து, வாயைக் கிழிபடுகிற அளவுக்குத் திறந்தது. காற்று அடித்தது.

"ஏய்! ஏய்! போ! தூளியில புள்ள தூங்குது, போ சனியனே!"

அம்மாவுக்குக் கட்டைக் குரல். எனக்கு அது தெரியவே தெரியாது. இத்தனை வருஷமும் மெல்லிசாக வைத்துத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அடுத்து ஒரு கல் காற்றைக் கிழிக்கிற சத்தம், கனமான ஒன்று மரத்திலிருந்து தரையில் விழுகிற சத்தம். பிறகு அதே குரல் இறங்கி, ரொம்பக் கிட்டத்தில், "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல. போயிடுச்சு. பயந்துட்டியா என் அவரக்கொட்ட?" என்றது.

அவரக்கொட்ட. அதுதான் நான்.

அதோடு முடியவில்லை. அம்மாவின் குரல் நின்ற பிறகும் அந்தப் பல்லிலிருந்து ஒரு குட்டிக்குரங்கின் கீச்சல் வந்துகொண்டே இருந்தது, விழுந்த தாய் எழுந்திருக்கவில்லை என்பதால் ஓயாத கீச்சல், ஒரு பகலும் ஓர் இரவும் அடுத்த பகலும் ஒரே மூச்சில் சுருட்டி வைத்திருந்த கீச்சல். என் அம்மா அதில் ஓர் ஓரம்தான். பிறகு டப் என்று பல் ஒடிந்து, துணுக்கு ஒன்று காற்றில் போனது.

ஆனாலும் கீச்சல் நிற்கவில்லை. கீழே பார்த்தேன். துள்ளின துள்ளலில் குட்டி வயிற்றிலிருந்து நழுவி, இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு பாறை இடுக்கில் விழுந்து கிடந்தது. உயிர் இருந்தது. வெட்டுக்காதி இறங்கப் பார்த்து, என்னைப் பார்த்து, பின்வாங்கி, மறுபடி இறங்கப் பார்த்தது. நான் விலகிப் பெரிய குண்டுக்கல்லுக்குப் பின்னால் பதுங்கினேன். அது ஒரு அடி வைத்ததும், கீழே ஊர் வருகிற சத்தம். கடைசி நாள் என்பதால் மொத்த ஊரும் வந்தது, மடி நிறைய, கூடை நிறைய, இரண்டு சிமெண்ட் சட்டி நிறையக் கல்.

அவர்கள் ஏறினால் அது ஓடிவிடும். ஓடினால் குட்டி அங்கேயேதான்.

நான் வாயைத் திறந்தேன்.

"துளசி" என்றேன், வெற்றிலைச் சாறு தொண்டையில் நிற்க. "கூழு அடுப்புல தீயுது. வூட்டுக்குப் போ."

துளசியம்மா அப்படியே நின்றார். மடி அவிழ்ந்து கூழாங்கற்கள் பாறையில் உருண்டு ஓடின. "என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டாரு" என்றார், பக்கத்தில் யாரும் இல்லாத மாதிரி. "இந்த மாசம் பூரா கல்லைத்தான் கேட்டாரு, இப்பத்தான் என்னைக் கேக்கறாரு."

"கோயிந்து" என்றேன் தலைவரின் அம்மா குரலில், "அந்தக் கல்லைக் கீழ போட்டுட்டுக் கையைக் கழுவு. எவ்ளோ தடவை சொல்றது?" அறுபது வயசுத் தலைவர் "சரிம்மா" என்று சட்டியை இறக்கி வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தார். முப்பத்தொரு குரல் இருந்தது என்னிடம். ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டுச் செத்தவர் குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டு, திட்டி, கொஞ்சி, வீட்டுக்கு அனுப்பினேன். தொண்டை கிழிந்து வாயில் இரத்தம் கரித்தது. என் வாழ்க்கையிலேயே ஆகப்பெரிய வேடிக்கை அதுதான், எனக்குச் சிரிப்பே வரவில்லை. வாயைப் பொத்தாமல் அழுதுகொண்டே எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

ஒரே ஓர் ஆள் போகவில்லை. அப்பா. அவரை யாரும் கூப்பிடவில்லையே.

அன்றைக்கு அவர் கையில் கல் இருந்தது. குவாரிக் கை, குறி தப்பாது. பல் ஒடிந்தது அவருக்குத் தெரியாது. இடுக்குக்கு மேலே தவித்துக்கொண்டிருந்த வெட்டுக்காதியைப் பார்த்துக் கையை ஓங்கி, "ஒரே ஒரு தடவை, காவேரி" என்றார்.

என்னிடம் அம்மாவின் சொற்கள் பத்தோ பன்னிரண்டோதான் இருந்தன. கேட்காத ஒரு சொல்லை அந்தக் குரலில் வைத்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

"ஏய்" என்றேன்.

கை அந்தரத்தில் நின்றது. கல் விழுந்தது. அப்பா குண்டுக்கல்லின் பக்கம் திரும்பவில்லை, குரங்கையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார், பதினாறு வருஷமாக எனக்குத் தராத அத்தனை பேச்சையும். "காவேரி, புள்ள பதினொண்ணாவது படிக்கறா. நல்லாத்தான் இருக்கறா, வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அக்காதான் பார்த்துக்கிச்சு. உன் பேச்சை எடுத்தா எனக்கு வர மாட்டேங்குது, அவளும் கேட்டுக் கேட்டு வுட்டுட்டா." துண்டைத் தோளிலிருந்து இழுத்துக் கையில் சுற்றினார். "அன்னைக்குக் கண்ணு மஞ்சளாயிருக்குன்னு நீ சொன்னப்பவே கூட்டிட்டுப் போயிருக்கணும். லோடு இருக்கு, நாளைக்குப் போலாம்னு சொன்னன். நாளைக்கு நாளைக்குன்னு நாலு நாள் சொன்னன், காவேரி."

"ஒண்ணுமில்ல" என்றேன். "ஒண்ணுமில்ல."

கீழே இடுக்கில் கீச்சல் மெலிந்துகொண்டே வந்தது.

"இன்னும் ஏதாச்சும் சொல்லு" என்றார் அப்பா. "எதையாச்சும். திட்டு."

எனக்கும் சொல்ல இருந்தது, அந்தக் குரலில் எவ்வளவோ. அவரைப் பேச வைத்துக்கொண்டே இருந்தால் அவள் இருந்துகொண்டே இருப்பாள் என்பதும் தெரிந்தது.

"புள்ள தூங்குது" என்றேன். "போ."

அப்பா முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "சரி, வரன்" என்றார், வேலைக்குக் கிளம்புகிறவன் வாசலிலிருந்து வீட்டுக்குள் பார்த்துச் சொல்கிற மாதிரி, நான் என்றைக்கும் அவரிடம் கேட்டிராத ஒரு குரலில், இறங்கிப் போனார்.

வெட்டுக்காதி இடுக்குக்குள் இறங்கிக் குட்டியை அள்ளிக்கொண்டு மேலே வந்து, விளிம்பில் உட்கார்ந்து, வாயில் இரத்தத்தோடு அதை நக்கி நக்கித் துடைத்தது. குட்டியின் தலையை மார்பில் வைத்து அழுத்தியது. குட்டி வாய் வைக்கவில்லை. நான் இருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தது. காற்று இறங்கிவிட்டிருந்தது. நான் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன், அப்போதும் அது பார்த்துக்கொண்டேதான் இருந்தது. இன்றைக்கு அதன் ஈறுக்குள் என்ன விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அது என் அம்மாவின் குரல், என் வாயிலிருந்து போனது.

நான் அங்கே இருக்கும்வரை அது பால் குடிக்காது. எழுந்து போனேன்.